தேய்ந்த முகங்கள்

திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரியில் தலைமுறைகளாக மண்ணைப் பிசைந்து பொம்மை செய்கிறார்கள். நவராத்திரிக்குக் கொலுப்பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார். மதுரையைச் சுற்றிய ஊர்களில் புரவி எடுப்பு நடக்கும்போது குதிரைகளோடு ஊர்வலத்தில் போகும் இன்னொரு மண் உருவமும் உண்டு: மதலை. பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் அந்த மண் குழந்தையைச் சுமந்துபோய் அய்யனார் முன் இறக்கிவைப்பார்கள். இறக்கியதோடு நேர்த்திக்கடன் தீர்ந்தது. அதன்பின் எந்தத் தாயும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வண்ணம் உரிந்து, கை உடைந்து, குதிரையின் காலடியில் கிடக்கும்.

வீட்டுக்குள் இருப்பது மரப்பாச்சி. செம்மரத்திலோ கருங்காலியிலோ செதுக்கிய ஆணும் பெண்ணும். கொலு வைக்கும் வீடுகளில் (அவை பெரும்பாலும் எந்தச் சாதி வீடுகள் என்பது நமக்குத் தெரியும்) தாய் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுப்பது. அந்த ஜோடியை யாரும் அண்ணன் தங்கை என்று சொல்வதில்லை, புருஷன் பெண்டாட்டிதான். பிள்ளைப் பேற்றுக்கு ஒரு பொம்மை, தாம்பத்தியத்துக்கு ஒரு பொம்மை. செத்துப்போன பிள்ளைக்கு?

யோருபா மக்களின் ‘எரே இபெஜி’ சிற்பங்களைப் படங்களில் பார்த்தபோதுதான் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியது. தென்மேற்கு நைஜீரியாவிலும் அதை ஒட்டிய பெனினிலும் வாழும் யோருபாக்களிடையே இரட்டைப் பிறப்பு மிக அதிகம். முதலில் பிறப்பது தாய்வோ, அடுத்தது கெஹிண்டே. உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவர தாய்வோவை முன்னால் அனுப்புவது கெஹிண்டேதான், ஆகவே பின்னால் பிறந்ததே மூத்தது என்பது அவர்கள் கணக்கு. இருவரில் ஒன்று இறந்தால், குறிசொல்லும் பபாலாவோவிடம் கேட்டு, ஒரு சாண் அளவில் மரச்சிற்பம் செய்விப்பார்கள். இறந்தது கைக்குழந்தையானாலும் சிற்பம் வளர்ந்த ஆளாக, மார்போ குறியோ தெளிவாகத் தெரியும்படி நிற்கும். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே உயரம்.

அதன்பிறகு வேலை தாயுடையது. குளிப்பாட்டுகிறாள். வாயில் உணவு தொட்டு வைக்கிறாள். சிவப்பு மரத்தூளை எண்ணெயில் குழைத்து உடம்பில் தேய்க்கிறாள், தலைமுடிக்கு அவுரி நீலம் பூசுகிறாள். பிற்காலத்தில் துணிக்குப் போடும் நீலமே போதுமென்றாகிவிட்டது. விழா நாளில் இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு போகிறாள். ஆண்டுக்கணக்கில் இப்படித் தொட்டுத் தொட்டுக் கண், மூக்கு, வாய் எல்லாம் மழுங்கிப்போகின்றன. நான் பார்த்த ஒரு சிற்பத்தில் முகமே இல்லை. மினுங்கும் ஒரு மேடு மட்டும்.

பிரிட்டிஷ் மியூசியம் உட்பட மேற்கின் அருங்காட்சியகங்களில் இவை ஏராளம். விவரக் குறிப்பில் எந்த ஊர்ப் பாணி, எந்தப் பட்டறை என்று ஆராய்ந்திருப்பார்கள். தேய்மானத்தை ‘பயன்பாட்டால் வந்த மெருகு’ என்பார்கள். மெருகு தானாக வருமா? உளி பிடித்தவன் ஆண். அவன் சில நாளில் முடித்ததை ஒரு பெண் இருபது முப்பது வருடம் கையால் திரும்பச் செதுக்கியிருக்கிறாள். அவளுடைய உழைப்பு பொருளின் குணமாகப் பதிவாகிறது, உழைப்பாக அல்ல. நம் அம்மிக்கல்லின் வழவழப்பைப் பற்றியும் இப்படித்தானே பேசுகிறோம்.

இதைத் தாய்மையின் புனிதம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. கவனிக்காவிட்டால் இறந்த பிள்ளை கோபித்து, மிஞ்சியதையும் அழைத்துக்கொள்ளும் என்ற பயம் அதில் இருக்கிறது. அவள் அழுகிறாளோ இல்லையோ, குளிப்பாட்டியாக வேண்டும். ஆனாலும் அவள் துக்கத்துக்குக் கையில் பிடிக்க ஒன்று இருந்தது. நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது. அது பெரும்பாலும் வாழ்ந்து முடித்தவர்களுக்கு. பச்சிளம் பிள்ளை போனால் ஆண்கள் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால் எந்த இடத்தில் என்றுகூடத் தாய்க்குத் தெரியாது.

என் அப்பத்தாவுக்குத் தெரியாது. அப்பா ரெட்டைப் பிள்ளையாகப் பிறந்தவர். கூடப் பிறந்தது பெண். காய்ச்சலில் போய்விட்டது என்பதுதான் வீட்டில் சொல்லும் கதை. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 1986-இல் இந்தியா டுடே எழுதிய பிறகு எங்கள் ஊர்ப்பெயரே பெண்சிசுக்கொலைக்கு மறுபெயராகிப்போனது. நகரத்து ஸ்கேன் சென்டர்களுக்கு அப்படியொரு பெயர் ஒட்டவில்லை. பாலினத்தைக் கண்டறிந்து கருவைக் கலைப்பதைத் தடுக்கச் சட்டம் 1994-இல்தான் வந்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரைக்கும் வந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தக் காய்ச்சலைப் பற்றி அப்பத்தாவிடம் நான் கேட்டதில்லை. யாராவது துருவினால், “போனது போச்சு, இருக்கறதப் பாரு” என்று எழுந்துபோய்விடும்.

யோருபாக்களிடம் இப்போது மரச்சிற்பத்தின் இடத்துக்குப் பிளாஸ்டிக் பொம்மை வந்துவிட்டது. சிலர் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். உயிரோடிருக்கும் பிள்ளையை இரண்டு முறை படமெடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டு, இருவர் உட்கார்ந்திருப்பதுபோல் ஆக்குவார்கள். இறந்தது பெண்ணாக, இருப்பது ஆணாக இருந்தால் ஒரு முறை அவனுக்குப் பெண்ணுடை போட்டு எடுப்பார்கள்.

இதைப் படித்ததும் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் அப்பாவின் ஒரு படம் இருக்கிறது. முடி இறக்கும் முன் எடுத்தது. ரெட்டைப் பின்னல், பாவாடை சட்டை, தலை நிறையக் கனகாம்பரம், கண் மை. நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு இப்படி ஜோடித்துப் படமெடுப்பது வழக்கம்தான். பொங்கலுக்குப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நாங்கள் எடுத்துப் பார்த்துச் சிரிப்போம், அப்பாவும் சிரிப்பார். அப்பத்தா படத்தை வாங்கி முந்தானையால் துடைத்துத் துடைத்து, அந்த முகம் இருந்த இடம் இப்போது வெளுத்துக் கிடக்கிறது.