ஆள் கூடினால் நாள் குறையுமா?

நான்கு பேர் பன்னிரண்டு நாட்களில் வெட்டும் கிணற்றை எட்டுப் பேர் எத்தனை நாட்களில் வெட்டுவர்? ஆறு நாட்கள் என்று எழுதி நாம் எல்லோரும் மதிப்பெண் பெற்றிருக்கிறோம். கிணற்றுக்குள் எட்டுப் பேர் நின்று மண்வெட்டி வீச இடம் உண்டா என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. அதைக் கேட்கும் நூல், பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட 'தி மித்திக்கல் மேன்-மந்த்'. 'ஆள்-மாதம் என்னும் பொய்க்கணக்கு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

புரூக்ஸ், ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்னும் கணிப்பொறி இயக்க அமைப்பை உருவாக்கும் பணியை நடத்தியவர். உச்சக் கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் உழைத்தனர். 1963 முதல் 1966 வரை சுமார் 5,000 ஆள்-ஆண்டு உழைப்பு செலவாயிற்று என்கிறார். ஆயினும் வேலை காலம் தவறியது. செலவு மதிப்பீட்டைப் போலப் பன்மடங்காயிற்று. இதை மறைக்காமல் எழுதியிருப்பது நூலின் முதற் சிறப்பு.

1950-களின் இறுதியில் டியூபாண்ட் நிறுவனத்தின் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் கெல்லியும் சி.பி.எம். என்னும் திட்டமிடும் முறையை வகுத்தனர். ஒரு வேலையின் இயல்பான காலம், செலவு ஒரு புள்ளி. மிக விரைவாக முடித்தால் ஆகும் காலம், செலவு மற்றொரு புள்ளி. இரண்டையும் ஒரு நேர்கோடு இணைக்கிறது. ஒரு நாளைக் குறைக்க என்ன விலை என்பதை அக்கோட்டின் சாய்வு கூறும். கூடுதல் கொத்தனார்களை வைத்துச் சுவர் எழுப்ப இது பெரும்பாலும் பொருந்தும். நிரல் எழுதும் வேலைக்குப் பொருந்தாது என்பதே புரூக்ஸின் வாதம். புதியவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். மேலும், ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைகள் 10. பத்துப் பேரானால் 45. ஆட்கள் இரு மடங்கு, பேச்சு நாலரை மடங்கு!

நூலில் குறையும் உண்டு. இக்கருத்தை விளக்கும் வரைகோடுகள் அளந்து வரையப்பட்டவை அல்ல. எப்போது ஆள் சேர்த்தால் பயன் உண்டு என்பதும் தெளிவாக இல்லை. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் புரூக்ஸே இக்குறையை ஓரளவு நிரப்பினார். ஆள் சேர்த்தால் செலவு எப்போதும் கூடும், ஆனால் தாமதம் எப்போதும் கூடுவதில்லை என்ற ஆய்வை அதில் எடுத்துக்காட்டுகிறார். தொடக்கத்திலேயே சேர்ப்பது நல்லது. 63 திட்டங்களை ஆராய்ந்த போயம் கண்ட முடிவும் அதில் உண்டு: உகந்த காலத்தின் முக்கால் பங்குக்கும் கீழே சுருக்கிய திட்டங்கள் அநேகமாக வென்றதில்லை. பணத்தால் காலத்தை வாங்கலாம். ஆனால் ஓர் எல்லை வரைதான். இந்த எண் முதற்பதிப்பிலேயே இருந்திருந்தால் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

காலக்கெடுவைக் குறிப்பவர் ஒருவர். அதற்காக இரவு கண் விழிப்பவர் வேறொருவர். பள்ளிக்கூடக் கிணற்றுக் கணக்கை அப்படியே நம்பும் மேலாளரிடம் நம் மாணவர்கள் நாளை வேலை செய்ய நேரலாம். அவர்களே மேலாளர்களும் ஆகலாம். ஆங்கிலம் சற்றே பழகியவரும் இந்நூலைப் படிக்க முடியும். முழுவதும் படிக்க நேரமில்லாதோர் இரண்டாம் அதிகாரத்தையாவது படிக்க வேண்டும்.