கழிதலும் கழித்தலும்: தொழிற்கழிவு வழக்குகளின் சொல்லாட்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்கழிவு தொடர்பான வழக்குகளில் நிறுவனமும் அரசும் ஒரே பொருளை வெவ்வேறு பெயர்களால் சுட்டுகின்றன. அப்பெயர்கள் பொறுப்பை யாரிடம் சேர்க்கின்றன என்பதைத் தூத்துக்குடித் தாமிரக் கசடு, நெய்வேலி அனல்மின் சாம்பல் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கழிவு, வினைமுதல், சொல்லாட்சி, நெய்வேலி, தூத்துக்குடி

முன்னுரை

வடக்குத்து, நெய்வேலி நகரியத்தை அடுத்துள்ள ஊர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது முதல் இப்பகுதி ஊர்களின் வாழ்வு சுரங்கத்தோடு பிணைந்துள்ளது. ஒரே குடும்பத்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளராகவும் மற்றொருவர் கிணற்று நீரை நம்பும் உழவராகவும் இருப்பது இங்கு இயல்பு. கூலி வரும் இடமும் கழிவு வரும் இடமும் ஒன்றாகும்போது, ‘இதைக் கொட்டியவர் யார்?’ எனக் கேட்பது எளிதன்று. அவ்வினாவை வழக்குகளின் மொழி எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

சொல்லும் வினைமுதலும்

‘கழி’ என்னும் வினையடி தமிழில் இருவகையாக இயங்குகிறது. கழிதல் தன்வினை, தானாக நீங்குவது. கழித்தல் பிறவினை, ஒருவர் நீக்குவது. அழிவு, முடிவு என்பன போலக் கழிவு என்னும் பெயரும் தன்வினை வடிவையே ஒட்டி நிற்கிறது. அழிவு என்றதும் அழித்தவர் தெரியவருவதில்லை; கழிவு என்றதும் கழித்தவர் தெரியவருவதில்லை. எனவே தொழிற்கழிவு வழக்கு என்பது ஒருவகையில் மறைந்துள்ள வினைமுதலைத் தேடும் முயற்சியாகும். ‘துணைப்பொருள்’, ‘பயன்பாடு’ போன்ற சொற்கள் இத்தேடலை மேலும் கடினமாக்குகின்றன.

தூத்துக்குடி: விற்கப்பட்ட கசடு

வேதாந்தா நிறுவனத்தின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கான இசைவைப் புதுப்பிக்கத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 ஏப்ரல் 9 அன்று மறுத்தது. உப்பாற்றை ஒட்டியும் பட்டா நிலங்களிலும் கொட்டப்பட்ட தாமிரக் கசடு அகற்றப்படவில்லை, அது ஆற்றுக்குள் சரியாதவாறு தடுப்பு எழுப்பப்படவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மே 22, 23 நாள்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது.

நிறுவனத்தின் எதிர்வாதம் இரு பகுதிகளைக் கொண்டது. கசடு தீங்கற்றது, கட்டுமானத்திற்கும் நிலம் நிரப்பவும் பயன்படுவது என்பது முதற்பகுதி. அது பிறருக்கு விற்கப்பட்ட பொருள் என்பது இரண்டாம் பகுதி. பெயரை மாற்றுவதும் வினைமுதலை மாற்றுவதும் இவ்வாதத்தில் ஒருங்கே நிகழ்கின்றன. கழிவு ‘சரக்கு’ ஆனவுடன், கொட்டியவர் ‘வாங்கியவர்’ ஆகிவிடுகிறார். சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 18 அன்று ஆலை மூடலை உறுதிசெய்தது. உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கசடு நஞ்சா இல்லையா என்னும் வினா ஒருபுறம் இருக்க, ஆற்றோரம் அது கிடப்பதற்கு யார் பொறுப்பு என்னும் வினா தனித்து நிற்பது என்பதை இவ்வழக்கு காட்டியது. கழிதலைக் கழித்தலாக வாசித்ததே இத்தீர்ப்புகளின் மொழிசார்ந்த முதன்மை எனலாம்.

நெய்வேலி: பயன்படுத்தப்பட்ட சாம்பல்

நெய்வேலியில் சிக்கல் வேறுவகையானது. இங்கு நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஒன்றிய அரசினுடையவை. சாம்பல் குறித்த விதிகளை வகுப்பதும் ஒன்றிய அரசே. கண்காணிப்பில் மாநில வாரியத்துக்கும் பங்குண்டு. விதி வகுப்பவரும் விதிக்கு உட்படுபவரும் ஒரே உரிமையாளரிடம் இருக்கையில், எதிரெதிர்த் தரப்புகள் தூத்துக்குடியிற்போலத் தெளிவாக அமைவதில்லை.

1999இல் தொடங்கிய சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கைகளுள் 2021 டிசம்பர் 31 நாளிட்டது குறிப்பிடத்தக்கது. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்கள் தம் சாம்பலை 100 விழுக்காடு பயன்படுத்தவேண்டும் என்றும், பயன்படுத்தாத டன் ஒன்றுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்தவேண்டும் என்றும் அது கூறுகிறது. வினைமுதலை வெளிப்படையாகச் சுட்டும் விதி இது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் செங்கல், சிமெண்டு ஆகியவற்றோடு தாழ்நிலங்களையும் சுரங்கப் பள்ளங்களையும் நிரப்புவதும் அவ்விதியில் ‘பயன்பாடு’ என்றே எண்ணப்படுகிறது. செங்கல்லாக மாறிய சாம்பலும் பள்ளத்தில் இடப்பட்ட சாம்பலும் ஒரே கணக்கில் சேர்கின்றன. உழவரின் கண்ணுக்குக் கொட்டுதலாகத் தெரியும் ஒரு செயல் கணக்கேட்டில் பயன்பாடாகப் பதிவாக இச்சொல் இடமளிக்கிறது.

சுரங்க நீருக்கும் இது பொருந்தும். நிலக்கரிப் படிவத்தின் அடியிலுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க அது இடைவிடாது இறைக்கப்படுகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் பாசனத்திற்குத் தரப்படும் ‘நன்மை’யாகப் பேசப்படுகிறது. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் வெளியிட்ட ஆய்வு, வடக்குவெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 250 மடங்கு இருந்ததாகக் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நன்மை எனப்பட்ட நீர் அவ்விசாரணையில் சான்றுப்பொருளாயிற்று.

முடிவுரை

துணைப்பொருள் என்னும் பெயரே பொய் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. சாம்பல் செங்கல்லாவது உண்மையே. எவர், எவ்வளவு, எங்கே, எப்பொழுது இட்டனர் என்பதைச் சொல்லாமல் அப்பெயர் வழங்கப்படும்போதுதான் பொறுப்பு மறைகிறது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக்கேட்புக்கான சுருக்க அறிக்கையை வட்டார மொழியிலும் தரக் கோருகிறது. அத்தமிழ் வாசகங்கள் ‘கழிவு வெளியேறுகிறது’ என்று எழுதுகின்றனவா, ‘நிறுவனம் கழிவை வெளியேற்றுகிறது’ என்று எழுதுகின்றனவா என ஆராய்வது தமிழாய்வாளர் கடமைகளுள் ஒன்று. வடக்குத்தின் உழவர் கேட்கத் தயங்கும் வினாவுக்கு உரிய எழுவாயை அத்தொடர்களில் மீட்டுத் தருதல் மொழியாய்வால் இயலும் பணியே.