சோறும் சித்திரமும்: யப்பானிய, கொரிய அசைவூட்டப் படங்கள் சில

சித்திரங்களை அசையவைத்துக் காட்டும் திரைப்படம் சிறுவர்க்கே உரியது என்ற எண்ணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. யப்பானிலும் தென்கொரியாவிலும் வளர்ந்தோருக்கென ஆக்கப்படும் அசைவூட்டப் படங்களை வரவேற்போரும் அவற்றின் முதிர்ச்சியைப் பெரும்பாலும் வன்முறையிலும் பாலுறவுக் காட்சிகளிலுமே காண்கின்றனர். அது தணிக்கையாளரின் அளவுகோல். தன் மாந்தர் உண்ணும் சோறு எங்கிருந்து வருகின்றது என்று கேட்க ஒரு படைப்புத் துணிகின்றதா என்பதையே நாம் இங்கு அளவுகோலாகக் கொள்கின்றோம்.

இசாவோ தகஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) அகியுகி நொசாகா 1967இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது. 1945இல் கோபே நகர் குண்டுவீச்சில் எரிகின்றது. தாயை இழந்த கடற்படை அதிகாரியின் மகனும் அவன் தங்கையும் உறவுக்காரப் பெண்ணொருத்தியின் வீட்டை அடைகின்றனர். அவள் இறந்தவளின் கிமோனோக்களை அரிசிக்கு மாற்றுகின்றாள். வேலைக்குச் செல்வோருக்குச் சோறும் இவ்விருவருக்குக் கஞ்சியும் வார்க்கின்றாள். யுத்த அரசின் பங்கீட்டு நியாயம் அடுக்களை அகப்பைக்கே வந்துவிடுகின்றது. மானம் பொறாத சிறுவன் தங்கையுடன் வெளியேறிக் குளக்கரைப் பதுங்குகுழியிற் குடியேறுகின்றான். அவனிடம் பணம் இருக்கின்றது, சமூகம் இல்லை. இதனைப் போர் எதிர்ப்புப் படமெனக் கூறுவதைத் தகஹாத்தா மறுத்து வந்தமை மனங்கொள்ளத்தக்கது. கண்ணீருடன் எழுந்து செல்லும் பார்வையாளர் (முதன்முறை நாமும் அவ்வாறே எழுந்தோம்) இவ்விலகலின் மீதான விசாரணையைத் தவறவிடுகின்றனர். ஆயினும் சிறுவன் பெருமிதத்துடன் நினைவுகூரும் தந்தையின் போர்க்கப்பல் எந்நாட்டுக் கரைகளுக்குச் சென்றது என்பதைப் படம் கேட்கவில்லை.

அக்கேள்வியை ஓரளவு எழுப்புவது சுனாவோ கதபுச்சியின் 'உலகின் இந்த மூலையில்' (2016). குரே துறைமுகத்தில் மணமுடித்து வந்த சுசு, காட்டுக் கீரையைக் கொண்டும் அரைவயிற்றுச் சோறு சமைப்பவள். குண்டுவெடிப்பில் வலக்கையை இழந்தவள். சரணடைவுச் செய்தியை வானொலியிற் கேட்டதும் வயலுக்கு ஓடி அழுகின்றாள். அவ்வேளை ஊருக்குள் ஒரு கொரியக் கொடி ஏறுகின்றது. ஃபுமியோ கோனோவின் மூலச் சித்திரக்கதையில் சுசு இங்கு உணர்வது, தம் நாடு பிறரை வன்முறையால் அடக்கியிருந்தது என்பதை. படத்திலோ, தன் உடலே கடல்கடந்து வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆனது என்பதை உணர்கின்றாள். இம்மாற்றம் அரசியலை மழுக்கியது எனக் குறை கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. வன்முறையைப் பிறர் செய்ததெனத் தள்ளிவிடலாம். உண்டு செரித்த சோற்றைத் தள்ள முடியாது. 1918ஆம் ஆண்டு அரிசிக் கலகங்களின் பின், 1920 முதல் கொரியாவில் அரிசி உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தைக் குடியேற்ற ஆட்சி நடைமுறைப்படுத்தியது. விளைந்த நெல் யப்பானுக்குச் செல்ல, கொரிய விவசாயி மஞ்சூரியத் தினையை உண்டான். சுசுவின் ஒரு வாக்கியத்தின் பின்னால் இவ்வரலாறு நிற்கின்றது. ஆனால் கொடியை ஏற்றியவரின் முகத்தைப் படம் காட்டுவதில்லை. கொரியர் இங்கும் ஒரு கணநேரக் குறியீடே.

கொரியச் சித்திரக்கலைஞரின் நிலையும் நெடுங்காலம் இதனை ஒத்ததே. யப்பானிய, அமெரிக்க நிறுவனங்களின் படங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆயிரக்கணக்கிற் சித்திரங்களை அவர்கள் வரைந்து கொடுத்தனர், கதை பிறருடையதாயிருந்தது. அந்நாட்டிலிருந்து யொன் சாங்-ஹோவின் 'பன்றிகளின் அரசன்' (2011) வந்தபோது அதன் கோடுகள் கரடுமுரடாக இருந்தமை வியப்பன்று. ஒரு பாடசாலையில் வசதிபடைத்த மாணவர் நாய்கள். ஏழைகள், பிறர் உண்பதற்காகக் கொழுக்கும் பன்றிகள். சோற்றை உண்போர் பற்றிய கேள்வி இங்கு உண்ணப்படுவோரின் பக்கத்திலிருந்து எழுகின்றது. 'அரசன்' எனப்பட்ட சிறுவன் எதிர்த்து நிற்கின்றான். அவனது கலகமோ ஒரு பூனையைக் கொல்வதிற்போய் முடங்குகின்றது. ஈற்றில் அவனைக் கூரையிலிருந்து தள்ளுபவன் அவனது தோழனே. இது வெறும் நம்பிக்கை வரட்சி என முற்போக்கு விமரிசகர் சிலர் ஒதுக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தம்மை ஒடுக்குவோரை நன்கு இனங்கண்ட பின்னரும் அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏன் அழித்துக்கொள்கின்றனர் என்பதே படத்தின் கேள்வி. அதற்கு எம்மிடமும் ஆயத்தமான விடை இல்லை.