உக்கிராணக்காரனும் மலையின் பிள்ளையும்: ‘தே காவா’ குறித்து ஒரு திறனாய்வு

நியூசிலாந்தின் வடதீவில், மூடுபனி எளிதில் விலகாத மலைக்காடுகளையும் வைக்காரேமோவானா என்னும் பெரிய ஏரியையும் உள்ளடக்கிய தே உரேவெரா என்னும் நிலப்பரப்பு உள்ளது. 1954 முதல் அது தேசியப் பூங்காவாக இருந்தது. பரப்பு ஏறத்தாழ 2,127 சதுர கிலோமீட்டர். 2014இல் இயற்றப்பட்ட தே உரேவெரா சட்டம் பூங்கா என்னும் நிலையை நீக்கி, அந்நிலத்தைச் சட்டத்தின் கண்களில் ஓர் ஆளாக்கிற்று. அன்று முதல் அது அரசின் சொத்துமன்று. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்துவரும் தூஹோய் மக்களின் சொத்துமன்று. தனக்குத் தானே உரியது. அதன் சார்பில் பேசவும் செயலாற்றவும் ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் தூஹோய் தரப்பினர் நால்வரும் அரசுத் தரப்பினர் நால்வரும் அதில் இருந்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒன்பது பேரில் அறுவர் தூஹோய் தரப்பினர் என்னும் நிலை வந்தது. அவ்வாரியம் 2017இல் வெளியிட்ட ‘தே காவா ஓ தே உரேவெரா’ என்னும் நூலே இங்கு நம் ஆய்வுக்குரியது.

அரசாங்க வழக்கில் அது ஒரு நிர்வாகத் திட்டம். நிர்வாகத் திட்டம் ஒன்றை இறையியல் ஏட்டில் திறனாய்வு செய்வானேன் என வாசகர் வினவலாம். நம் பிரசங்க பீடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல்லை இந்நூல் கேள்விக்குள்ளாக்குகிறது என்பதே நமது விடை. அச்சொல் ‘உக்கிராணத்துவம்’.

நூலின் மையக் கருத்தை எளிதில் கூறிவிடலாம். நிலத்தை நிர்வகிப்பது இதன் நோக்கமன்று. நிலத்தின் நன்மைக்காக மனிதரை நிர்வகிப்பதே நோக்கம். வழக்கமான பூங்காத் திட்டம், காட்டை வளமாகவும் மனிதரை அதன் பயனாளராகவும் வைத்து எழுதப்படும். இங்கு அந்த வரிசை தலைகீழாகிறது. நிலம் மூத்தது, மனிதர் இளையோர். இளையோர் மூத்தோரிடம் ஒழுகும் முறையையே நூல் வகுக்க முற்படுகிறது. தூஹோய் மரபின்படி, மூடுபனி மங்கையும் மலையும் கூடியதால் தோன்றிய வழித்தோன்றல்களே அவர்கள். எனவே மலையைக் காப்பது அவர்களுக்கு ஒரு திட்டமன்று. பெற்றோரைப் பேணும் கடமை.

இவ்விடத்தில் நம்முடைய மாணவர் பலர் உடனே கை உயர்த்துவர் என்பதை அறிவோம். மலையைப் பெற்றோர் என்பது படைப்பைப் படைத்தவராக்குவது ஆகாதோ? கேள்வி நேர்மையானது, அதைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் ஆதியாகமம் 2:7ஐ எபிரெய மூலத்தில் வாசிப்போர் ‘ஆதாம்’ என்னும் பெயர் ‘அதாமா’ என்னும் மண்ணோடு ஒலியிலும் பொருளிலும் பிணைந்திருப்பதைக் காண்பர். அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில் தோட்டத்தில் மனிதனுக்கு இடப்படும் முதற்பணியைக் குறிக்கும் ‘ஆபாத்’ என்னும் வினை, பிற இடங்களில் ஊழியஞ்செய்தல், பணிவிடை செய்தல் என்னும் பொருளில் வருவதே. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவன் மண்ணுக்கு ஊழியஞ்செய்கிறான் என்பது திருமறைக்குப் புறம்பான சிந்தனையன்று. மண்ணை வணங்குவதற்கும் மண்ணுக்குக் கடன்பட்டிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. தே காவா இவ்வேறுபாட்டை நமக்காக வரையறுத்துத் தரவில்லை. தரவேண்டிய கடப்பாடும் அதற்கில்லை. அதை வரையறுப்பது நம் வேலை.

இனி உக்கிராணத்துவத்திற்கு வருவோம். உக்கிராணம் என்பது பண்டசாலை. உக்கிராணக்காரன் அதன் திறவுகோலை வைத்திருப்பவன். அவன் எசமானுக்குக் கணக்கு ஒப்புவிக்கிறான். பண்டங்களுக்கு அவன் கணக்கு ஒப்புவிப்பதில்லை. லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரனைக் குறித்த விசாரணையும் எசமானின் ஆஸ்தியைப் பற்றியதே. இவ்வுருவகத்தை நிலத்தின்மேல் ஏற்றும்போது, நிலம் பண்டமாகவும் மனிதன் திறவுகோல் உடையவனாகவும் ஆகிவிடுகின்றனர். ‘கடவுளுக்கே கணக்குக் கொடுக்கிறோம்’ என்பவர், நிலத்தில் வாழ்வோருக்குக் கணக்குக் கொடுக்க மறந்துபோவது எளிது. நம் சபைகளில் உக்கிராணத்துவ ஞாயிறு என்பது பெரும்பாலும் காணிக்கையை உயர்த்தும் ஞாயிறாகச் சுருங்கிவிட்டதும் இதனால்தானோ என ஐயுறுகிறோம். தே காவாவில் திறவுகோல் உடையவர் எவரும் இல்லை. இதுவே அந்நூலின் பெருஞ்சிறப்பு.

ஆனால் இச்சிறப்பை அதன் வரலாற்றிலிருந்து பிரித்து வியந்து நிற்பது தவறு. இது அழகிய தத்துவமாகப் பிறந்ததன்று. பறிகொடுத்தவர்களின் எழுத்தாகப் பிறந்தது. தூஹோய் மக்கள் 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். 1865 மார்ச்சு 2ஆம் நாள் ஓப்போத்திக்கியில் சி.எம்.எஸ். அருட்பணியாளர் கார்ல் ஃபோல்க்னர் தூக்கிலிடப்பட்டார். அவர் மவோரி மக்களின் போர் நடமாட்டங்களை ஆளுநருக்கு எழுதி வந்தவர் என்பது வரலாறு. அக்கொலையில் தூஹோய் மக்களுக்குப் பங்கில்லை. எனினும் 1866இல் அரசு செய்த பறிமுதலில் அவர்களுடைய வளமான சமவெளி நிலமும் போயிற்று. பின்னர், அருட்பணியாளரிடம் திருமறை பயின்று, சிறைத்தீவிலிருந்து தப்பி, ரிங்காத்து என்னும் சபையைத் தோற்றுவித்த தே கோத்திக்கு அவர்கள் அடைக்கலம் தந்தனர். தே கோத்தி இரத்தஞ்சிந்திய தலைவர் என்பதை மறைப்பதற்கில்லை. அவரைத் தேடி வந்த படைகள் ஊர்களையும் பயிர்களையும் அழித்து மக்களைப் பட்டினிக்குள்ளாக்கின. 1896இல் ஏறத்தாழ 6,56,000 ஏக்கர் நிலத்தில் தன்னாட்சி உண்டென ஒரு சட்டம் வாக்களித்தது. அவ்வாக்கு நிறைவேற்றப்படாமல், அரசே பங்கு பங்காக நிலத்தை வாங்கிச் சேர்த்தது. 1916இல் மவுங்காபோஹாத்து மலையடியில் புதிய எருசலேமைக் கட்டிய தீர்க்கதரிசி ரூவா கேனானாவைப் பிடிக்க ஆயுதந்தாங்கிய காவலர் சென்றனர். அவருடைய மகன் உட்பட இருவர் கொல்லப்பட்டனர். கேனானா என்றால் கானான். அவருக்குப் பொதுமன்னிப்பு அளிக்கும் சட்டம் 2019இல்தான் வந்தது.

இந்நிகழ்ச்சிகளை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நியூசிலாந்தில் சி.எம்.எஸ். பணி தொடங்கியது 1814இல். அதே ஆண்டில்தான் அதே சங்கத்தின் ரேனியஸ் இந்தியாவில் வந்திறங்கினார். 1820இல் திருநெல்வேலிக்கு வந்தார். ஃபோல்க்னரும் ரேனியசும் ஒரே சங்கத்தில் ஊழியஞ்செய்த ஜெர்மானியர். இங்கே ரேனியஸ், துன்புறுத்தப்பட்ட புதுக்கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக நிலம் வாங்கி ஊர்களை எழுப்பினார். தோனா பிரபுவின் பொருளுதவியால் 1827இல் எழுந்த தோனாவூர் அவற்றுள் ஒன்று. ஒரே சங்கத்தின் ஊழியம் ஓரிடத்தில் நிலமற்றோர்க்கு நிலந்தந்தது. வேறோரிடத்தில் நிலமுடையோர் நிலமிழந்த கதையோடு பின்னிப்பிணைந்தது. தூஹோய் வரலாறு நமக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று. நம் குடும்பச் செய்தி.

நூலின் நடைமுறைப் பகுதிக்கு வருகையில் நம் பாராட்டு குறைகிறது. ராஹூய் என்னும் மவோரி வழக்கத்தை, அதாவது ஒரு நீர்நிலையோ காடோ தளர்ந்தபோது அது தேறும்வரை வேட்டையையும் அறுவடையையும் விலக்கிவைக்கும் ஒழுங்கை, வாரியம் தன் பணியில் கைக்கொள்ளலாம் எனச் சட்டமே இடந்தந்திருக்கிறது. ஓய்வுநாளையும் ஏழாம் ஆண்டின் தரிசையும் அறிந்த நமக்கு இது விளங்கும். எவரும் இளைப்பாறும் நிலத்தின் மொழி அது. ஆனால் விலக்கை அறிவிப்பவர் யார், அதனால் பசிக்கப்போகிறவன் யாரிடம் முறையிடுவான், மாறுபட்ட எண்ணமுடைய குடும்பத்தின் குரல் எங்கே பதிவாகும் என்பவை திட்டத்தின் உயிர்நாடியான கேள்விகள். தே காவா உயர்ந்த தொனியில் பேசுகிறது. உயர்ந்த தொனியில் இக்கேள்விகள் கேட்பதில்லை.

இது வெறும் ஐயமன்று. பூங்கா இருந்த காலத்தில் அரசுத்துறை காட்டுக்குள் கட்டிய குடில்கள் பல உண்டு. அவற்றுள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை அகற்ற, தூஹோய் ஆட்சியமைப்பான தே ஊரு தௌமாதுவா 2022இல் முற்பட்டது. சில தீயிட்டு அழிக்கப்பட்டன. குடில்கள் பழுதடைந்தவை, பூங்காக் காலத்தின் எச்சங்கள், புதியன எழவேண்டும் என்பது அமைப்பின் நிலைப்பாடு. அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் தங்கி வேட்டையாடி வந்த தூஹோய் மக்களுள் ஒருவரே நீதிமன்றம் சென்றார். உயர் நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. 2023இல், சட்டம் கோரும் வருடாந்தரச் செயல்திட்டம் இன்றி நடைபெற்ற அவ்வழிப்பு சட்டத்திற்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. அச்செயல்திட்டத்தை ஆயத்தஞ்செய்யும் பொறுப்பு தூஹோய் அமைப்புக்கும் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கும் கூட்டாக உரியது. எனவே குறை ஒரு தரப்பினுடையது மட்டுமன்று.

தூஹோய் மக்களுக்கு ஆட்சித்திறன் இல்லை என்று இதைக்கொண்டு பேசுவோர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பறித்தவனுடைய ஆட்சியில் நூறாண்டு நடந்த பிழைகள் எவருடைய திறனையும் ஐயுறச் செய்யவில்லை. மீட்டவனின் ஒரு பிழை அவன் தகுதியையே கேள்விக்குள்ளாக்குகிறது. இவ்வளவுகோலை நாம் ஏற்பதற்கில்லை. நமது குறைபாடு வேறு. வருடாந்தரச் செயல்திட்டம் என்பது ஒரு சாதாரணக் காகிதம். இன்ன மாதத்தில் இன்ன பாதை செப்பனிடப்படும், இன்ன குடில் அகற்றப்படும், இவ்வளவு பணம் செலவாகும் என எழுதும் காகிதம். அதில் தீர்க்கதரிசன ஒலி இராது. ஆயினும் எளியவன் ஒருவன் விரல் வைத்து, இது ஏன் என்று வினவக்கூடிய இடம் அதுவே. மூதாதையாகிய மலையின் பேரால் எடுக்கப்படும் முடிவை எதிர்த்துப் பேசுவது கடினம். அட்டவணையின் ஏழாம் வரியை எதிர்த்துப் பேசலாம். ‘கடவுளின் சித்தம்’ என்னும் பேரால் சபைச்சொத்து குறித்து எடுக்கப்பட்ட முடிவுகளின்முன் சேகரக் கமிட்டிகளில் வாயடைத்துப்போன நம் ஆயர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

தூஹோய் மக்களுள் பெரும்பாலோர் இன்று மலைக்கு வெளியே, நகரங்களில் வாழ்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. காட்டுவழிகளை அறிந்தோர் சிலரே. பண்பாட்டு மீட்பு என்பது இழந்த சடங்கை மேடையேற்றுவதன்று. பேரப்பிள்ளைக்கு ஒரு செடியின் பெயரை அது நிற்கும் இடத்திலேயே சொல்லிக்கொடுப்பது. அதற்கு அவன் அங்கே இரவு தங்க ஒரு கூரை வேண்டும். அக்கூரை முந்தைய அரசு கட்டியது என்பதால் மட்டும் அது பகையாகிவிடுமா? இக்கேள்விக்கு நூலில் விடை தேடினோம், மனநிறைவு பெறவில்லை.

நம் நாட்டு நிலையோடு ஒப்பிடும்போது மட்டும் தே காவாவின் வலிமை மீண்டும் தெரிகிறது. 2017இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் ஆட்கள் என அறிவித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னைக்கு உயிருள்ள ஆளின் உரிமைகள் உண்டு என அறிவித்தது. மேகமலைப் பகுதியில் வன நிலத்திற்குப் பட்டா வழங்கிய வருவாய்த்துறை அலுவலர் ஒருவரின் தண்டனை குறித்த வழக்கில் அவ்வறிவிப்பு எழுந்தது. வழக்காடியவர் அலுவலர், எதிர்த்தரப்பு அரசு, அன்னைக்குக் காவலராக நியமிக்கப்பட்டதும் அரசு. மலையடியில் வாழும் பளியர் முதலிய மக்கள் இவ்வழக்கின் தரப்பினர் அல்லர். வனப்பகுதியைக் காக்கவும் புதுப்பிக்கவும் சமூகங்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றிருப்பினும், ஆளாக்கப்பட்ட இயற்கைக்கும் உரிமை பெற்ற மக்களுக்கும் இடையே பாலம் எதுவும் இடப்படவில்லை. தே உரேவெராவில் நடந்ததோ வேறு. அங்கு முதலில் மக்கள் தம் குறையைச் சொன்னார்கள். அரசு தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2014 ஆகஸ்டில் தானேயாதுவாவில் மன்னிப்புக் கோரியது. நிலம் ஆளாகியது அந்த அறிக்கையிடுதலின் கனி. லேவியராகமம் 25:23இல் நிலத்தின் மேல் கர்த்தரின் உரிமை பேசப்படுவதும், பறிபோன காணி திரும்பும் யூபிலி ஆண்டின் நடுவே அன்றி, தனித்த தத்துவமாக அன்று என்பதை இங்கு நினைவுகூர்கிறோம்.

தே காவாவை வகுப்பில் பயன்படுத்த விரும்புவோர், சட்டத்தின் 3ஆம் பிரிவை முதலிலும், நூலை அடுத்தும், 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பை இறுதியிலும் வாசிக்கச் செய்வது நலம். முதலிரண்டும் கவிதைபோல் ஓடும், தீர்ப்பு ஓடாது. மாணவர் அதைப் பாதியில் மூடிவைக்க இடங்கொடாதிருத்தல் வேண்டும்.