ஐ.பி. எண் வீட்டு விலாசமா?

"ஐ.பி. முகவரி என்பது கணிப்பொறியின் வீட்டு விலாசம்." கணிப்பொறிப் பாடங்களின் தொடக்கத்திலும், செய்தித்தாள்களின் அறிவியல் பகுதியிலும் பல ஆண்டுகளாக வலம் வரும் வாக்கியம் இது. கேட்டவுடன் மனத்தில் பதியும் எளிய உவமைதான். ஆயினும் ஓர் உவமைக்கு எளிமை மட்டும் போதுமா? அது எதுவரை பொருந்துகிறது, எங்கே முறிகிறது, முறிந்த இடத்தில் யாருக்குத் தீங்கு விளைகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

ஒரு சிறு சோதனை

வாசகர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். விண்டோஸ் கணிப்பொறியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டுங்கள். கைபேசியாயின், அமைப்புகளில் வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் 192.168.1.5 என்பது போன்ற ஓர் எண் தென்படும். இது உள் முகவரி.

அடுத்து, 'உங்கள் ஐ.பி. எண் யாது?' என்பதைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அங்கே முற்றிலும் வேறோர் எண் தோன்றும். அது 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். (நூல்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களுள் இஃது ஒன்று, ஆகவே யாருக்கும் உரியதன்று.) இது வெளி முகவரி. இனி அதே வீட்டில் வேறொரு கைபேசியை அதே வைஃபை வழியாக இணைத்துப் பாருங்கள். அதன் உள் முகவரி மாறியிருக்கும். வெளி முகவரியோ பெரும்பாலும் அதே எண்ணாக இருக்கும்.

ஒரு கணிப்பொறிக்கு இரண்டு எண்கள்; இரண்டு கருவிகளுக்கு ஒரே வெளி எண். 'வீட்டு விலாசம்' என்ற உவமை இங்கேயே தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

இரண்டு எண்கள் ஏன்?

இன்றும் பரவலாக வழங்கும் ஐ.பி. நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. அதில் முகவரி என்பது 32 பிட்டுகள் கொண்ட இரும எண். நம் வசதிக்காக அதை 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாகப் பிரித்து எழுதுகிறோம். இம்முறையில் கிடைக்கும் முகவரிகள் மொத்தம் 429,49,67,296. ஆராய்ச்சிக் கூடங்கள் சிலவற்றை இணைத்த அக்காலத்தில் இது வற்றாத ஊற்றாகத் தோன்றியிருக்கும். இன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவருக்கு ஓர் எண் கொடுப்பதற்குக்கூட இது போதாது. உலக அளவிலான பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன.

பற்றாக்குறை முன்னரே உணரப்பட்டது. 1994இல் முகவரி மாற்றம் என்னும் முறை முன்மொழியப்பட்டது. 1996இல் வெளியான ஓர் ஆவணம், உள் வலைகளுக்கென மூன்று தொகுதிகளை உறுதி செய்தது. 10 என்று தொடங்குவன எல்லாம் ஒன்று, 172.16 முதல் 172.31 வரை மற்றொன்று, 192.168 என்று தொடங்குவன மூன்றாவது. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 79 இலட்சம் எண்கள். இவற்றை எவரும் அனுமதியின்றித் தம் வலைக்குள் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் இவை செல்லுபடியாகா. நம் வீட்டில் உள்ள 192.168.1.5 அடுத்த தெருவிலும் இருக்கலாம், ஆர்ஜென்டினாவிலும் இருக்கலாம். ஆகவே அதை இரகசியம் போல் மறைப்பதில் பொருளில்லை.

வீட்டிலுள்ள ரூட்டர், உள்ளேயிருந்து புறப்படும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அனுப்புநர் எண்ணை அழித்துவிட்டு, தன் வெளி எண்ணை எழுதுகிறது. கூடவே போர்ட் எனப்படும் துறை எண் ஒன்றையும் குறித்து, 'இந்தத் துறை எண்ணுக்கு வரும் விடை இன்ன கருவிக்குரியது' என்று தன் அட்டவணையில் பதிந்துகொள்கிறது. விடை வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கிறது. நம் கடிதத்தின் அனுப்புநர் விலாசத்தை அழித்துத் தன் விலாசத்தை எழுதி அனுப்பும் தபால்காரர் எங்கேனும் உண்டா? அஞ்சல் உவமையில் இதற்கு இடமே இல்லை.

உவமையின் நிறையும் குறையும்

நியாயமாகப் பார்த்தால், உவமையில் ஒரு நிறை உண்டு. அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் இலக்கம் மண்டலத்தைச் சுட்டுவது போல, ஐ.பி. எண்ணின் முற்பகுதி எந்த வலை என்பதையும், பிற்பகுதி அவ்வலைக்குள் எந்த இணைப்பு என்பதையும் சுட்டுகிறது. இந்தப் படிநிலை இல்லையேல் உலகெங்கும் தகவலை வழிநடத்துவது இயலாது.

குறைகளோ மூன்று. முதலாவது, வீடு இடம் பெயர்வதில்லை. ஆனால் ஒரே மடிக்கணினி வீட்டில் ஓர் எண்ணையும் நூலகத்தில் வேறோர் எண்ணையும் பெறுகிறது. கம்பியாலும் வைஃபையாலும் ஒரே நேரத்தில் இணைத்தால் அதற்கு இரண்டு எண்கள். எண் இணைப்புக்கு உரியது; கணிப்பொறிக்கு உரியதன்று. இரண்டாவது, வீடுகளுக்குத் தரப்படும் எண் பெரும்பாலும் இரவல். தவணை முடிந்ததும் வேறொருவருக்குப் போய்விடலாம். மூன்றாவது, வெளி எண் ஒரு வீட்டுக்கே உரியது என்றும் சொல்ல முடியாது. எண்கள் போதாத இணைப்பு நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி எண்ணின் பின்னால் நிறுத்துகின்றன. இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரூட்டரின் நிலைப் பக்கம் காட்டும் வெளி எண்ணையும், இணையதளம் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டு, ரூட்டரின் எண் இந்த வரிசையில் இருந்தால், நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

தவறான உவமையின் விலை

'பாடத்திற்காகச் சொன்ன உவமைதானே, இதில் என்ன குடிமுழுகிவிடும்?' என்று சிலர் கேட்கலாம். 2007 ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. அந்நாளில் இயங்கிவந்த ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை இட்டார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு அடிப்படை, ஓர் ஐ.பி. எண்ணும் அதற்குரியவர் என்று இணைப்பு நிறுவனம் தந்த விவரமும். அந்த விவரம் தவறு என்று தெளிவாவதற்குள் அவர் 50 நாட்களைச் சிறையில் கழித்துவிட்டார்.

அமெரிக்காவில் மற்றொரு நிகழ்ச்சி. எண்களை நிலப்படத்தில் பொருத்தும் நிறுவனம் ஒன்று, இந்நாட்டுக்குரியது என்பதற்கு மேல் விவரம் தெரியாத எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்தது: வடக்கு அட்சம் 38, மேற்குத் தீர்க்கம் 97. அங்கே கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்தப் புள்ளியைச் சுட்டின. இணையத்தில் ஏமாந்தவர்களும் காவலரும் ஆண்டுக்கணக்காக அவ்வீட்டைத் தேடி வந்தனர். காரணம் 2016இல்தான் வெளிப்பட்டது. பின்னர் அப்புள்ளி ஒரு நீர்நிலைக்கு மாற்றப்பட்டது.

முதல் நிகழ்ச்சியில் எண் ஓர் ஆளாக எண்ணப்பட்டது. இரண்டாவதில் ஒரு கதவாக எண்ணப்பட்டது. விலாசம் என்ற சொல் மனத்தில் விதைப்பதும் இவ்விரண்டையுமே.

மாற்று என்ன?

இரயில் படுக்கை எண்ணை உவமையாகக் கொள்வது பொருத்தமாகும் என்பது என் கருத்து. 32ஆம் எண் படுக்கை பல பெட்டிகளிலும் உண்டு; அதுபோன்றதே உள் முகவரி. இன்று அதில் பயணம் செய்பவர் வேறு, நாளை பயணம் செய்பவர் வேறு. ஆளைக் கண்டறிய வேண்டுமானால் எந்த வண்டி, எந்த நாள், எந்தப் பெட்டி என்பனவும், அன்றைய பயணிகள் பட்டியலும் தேவை. அவ்வாறே வெளி முகவரி ஒன்றிலிருந்து ஓர் இணைப்பை அடையாளம் காண, துல்லியமான நேரமும் துறை எண்ணும் நிறுவனத்தின் பதிவேடும் வேண்டும். அத்தனையும் கிடைத்தாலும் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதுதான் தெரியும். விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்பது தெரியாது. படுக்கையை முன்பதிவு செய்தவரே அதில் உறங்கினார் என்பதற்கு என்ன உறுதி? இந்த உவமைக்கும் எல்லை உண்டு. எண்ணை வழியில் மாற்றி எழுதும் செயலை இதுவும் விளக்காது. மாணவர்க்கு அந்த எல்லையையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

128 பிட்டுகள் கொண்ட ஆறாம் பதிப்பு பரவிவருகிறது. அதில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கெனப் பொது எண்ணைப் பெறலாம். 'அப்படியானால் பழைய உவமை சரியாகிவிடுமே' என்று எண்ணிவிட வேண்டாம். பயனரைத் தொடர்ந்து கண்காணிக்க இயலாதவாறு, பல கருவிகள் தம் ஆறாம் பதிப்பு எண்ணை அவ்வப்போது தாமே மாற்றிக்கொள்கின்றன.

ஆகவே, ஐ.பி. எண்ணை விளக்கும் ஆசிரியர்கள் அதனை 'ஒரு வலையில், ஒரு நேரத்தில், ஓர் இணைப்புக்குத் தரப்பட்ட எண்' என்று கூறுவார்களாக. உவமையைவிட இரண்டொரு சொற்கள் கூடுதல்தான். ஆனால் இதைக் கற்ற மாணவன் நாளை காவல் அதிகாரியாகவோ நீதிபதியாகவோ அமரும்போது, அவன் முன் வைக்கப்படும் எண்ணைப் பார்த்து, 'எந்த வலை? எந்த நேரம்? யாருடைய பதிவேடு?' என்று கேட்பான்.