பெர்ன்ஹில் பேய்களும் பழையனூர் நீலியும்

பேய்ப்படம் பார்ப்பதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் பகலெல்லாம் அணங்கு, சூர் என்று குறிப்பெடுத்துவிட்டு, இரவில் போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் படம் பார்த்தவள் நான். பெர்ன்ஹில்லில் வளர்ந்தவளுக்கு வேறு வழியும் இல்லை. நவம்பரில் நாலு மணிக்கே பனி இறங்கி எதிர்வீட்டைத் தின்றுவிடும்.

மைசூர் மகாராஜாக்களின் கோடை அரண்மனை இங்கேதான் இருக்கிறது. அங்கே தங்கிய சினிமாக்காரர்களுக்கு ராத்திரி மாடியில் மேசை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதாம். காலையில் விசாரித்தால், அதற்கு மேல் மாடியே இல்லையாம். ஊரில் உலவும் கதை. கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய கையால் டீ ஆற்றிக்கொண்டே என் அத்தை சொல்வாள்: “ராத்திரியில நாற்காலி நகத்துறவ பேயா இருக்க மாட்டா, வேலைக்காரியாத்தான் இருப்பா.” விடிகாலையில் காட்டெருமைக்குப் பயந்து பயந்து வேலைக்குப் போனவள் அவள். அவளுடைய பயங்களில் பேய்க்கு இடம் கம்மி.

ஊட்டியைப் பயத்தின் ஊராக்கிய தமிழ்ப்படம் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. பேயே இல்லாத படம். வசதியான, படித்த, மென்மையாகப் பேசும் சந்துரு ரேகாவைக் கடத்தி மலைக்குக் கொண்டுவருகிறான். அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்குப் படம் அவ்வளவு கரிசனத்தோடு காரணம் தேடுகிறது. அவன் கொன்ற பாலியல் தொழிலாளிகள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதேயில்லை. ரேகாவாக நடித்த ஷோபா, 1980 நவம்பரில் படம் வெளிவருவதற்குள் 17 வயதில் இறந்துபோயிருந்தார். அவர் முகத்தை இன்று வெறும் பாத்திரமாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

2002இல் விக்ரம் பட்டின் ‘ராஸ்’ வந்தது. ஊட்டிக் கதைதான். 2000இல் வந்த ஹாலிவுட் படமான ‘வாட் லைஸ் பினீத்’தின் தழுவல். மூலத்தில் கௌரவமான பேராசிரியர், தன்னுடைய மாணவியைக் காதலித்துக் கொன்று ஏரியில் தள்ளியவர். செத்தவள் அவர் மனைவியிடம் வந்து உண்மையைக் காட்டுகிறாள். கடைசியில் தண்ணீருக்கடியில் அவரைப் பிடித்து நிறுத்துவதும் அவள்தான். மனைவி பிழைக்கிறாள்.

ஊட்டிக்கு வந்ததும் கதை தலைகீழாகிவிட்டது. இங்கே கணவன் கொலைகாரனில்லை. மாலினி தானே சுட்டுக்கொண்டு சாகிறாள். அவள் மனநிலை சரியில்லாதவள் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அவன் செய்ததெல்லாம் பிணத்தைக் காட்டில் புதைத்து மறைத்தது மட்டும்! இப்போது சஞ்சனாவின் வேலை பேயிடமிருந்து தாலியைக் காப்பது. சாவித்திரி கதைக்குப் பேய் வேஷம். பிபாஷா பாசு உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார், எனக்கும் அந்தக் காட்சிகளில் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் யாருக்காக இத்தனை ஓட்டம்? மாலினியின் உடலைச் சஞ்சனா எரிக்கும் இடத்தை நல்லது தீயதை வென்றதாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது தடயம் அழிப்பதாகத்தான் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹாலிவுட் படம்தான் நம் பழையனூர் நீலிக்குச் சொந்தக்காரி. கணவனால் கொல்லப்பட்ட நீலி, மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் தேடிப் பிடிக்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 70 வேளாளர் முன் வழக்குரைக்கிறாள். அவர்கள் தங்கள் உயிரைப் பிணை வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் சாகிறான், பிணை நின்றவர்கள் தீப்பாய்கிறார்கள். கதைகேட்ட ஊர் அந்த 70 பேரின் வாக்குத் தவறாமையைக் கொண்டாடியது. நீலிக்குக் கிடைத்தது ஒரு மரபுத்தொடர்: நீலிக் கண்ணீர். கொலையுண்டவள் அழுத அழுகை, அகராதியில் பொய்யழுகை. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். (பக்கத்துத் திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்று தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பேயைக் கும்பிடுகிறோம். கணவனைப் பழிவாங்கவில்லை அல்லவா!)

ஹாலிவுட் படத்தின் முடிவில் மனைவி செத்தவளின் கல்லறையில் ஒரு ரோஜாவை வைப்பாள். ‘ராஸ்’ முடிவில் தம்பதி பிழைத்ததோடு சரி.

‘ராஸ்’ படத்தை அத்தையோடு பார்த்தேன். இந்தி தெரியாத அவளுக்கு நான்தான் வசனம் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்:

“அந்தப் புள்ளைக்கு யாரும் பால் ஊத்தலியா?”

“இல்ல அத்தை.”

“பின்ன அவ எப்படிப் போவா?” என்றவள், எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.