ஒன்பதாம் எண் சட்டை

2025 அக்டோபர் 14. கோவாவின் ஃபத்தோர்டா மைதானம். சிங்கப்பூருக்கு எதிராக 14ஆவது நிமிடத்தில் இந்தியாவின் சாங்தே கோல் அடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தவன், முதல் பாதி முடியும்வரை உட்காரவே இல்லை. 44இல் சோங் உய்-யங் சமன் செய்தார். 58இல் மறுபடியும் அவரே. அதன்பின் அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. அந்த நேரம் முழுக்க என் கண் ஒரே ஓர் ஆளைத்தான் தேடியது: கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் இடிக்கும் டிஃபென்டரைத் தாங்கிக்கொண்டு, வருகிற பந்தை வலைக்குத் திருப்புகிற ஒன்பதாம் எண் ஸ்ட்ரைக்கரை. அப்படி ஒருவர் நம்மிடம் இல்லை. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதி அன்றிரவே கைநழுவிப் போனது.

யாரைக் குற்றம் சொல்வது? முதலில் எல்லோர் வாயிலும் வருவது பயிற்சியாளரின் பெயர். நானும் சொன்னவன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பயிற்சியாளர் ஸ்டிமாச்சின் கீழ் 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை ஆடினோம்: மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அவர் போய் மனோலோ மார்கெஸ் வந்தார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். இவ்விருவர் காலத்தில் 2027 தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் நாம் அடித்தது இரண்டே கோல். ஜமீல் பொறுப்பேற்ற அடுத்த மாதமே மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாமிடம் வாங்கிக் கொடுத்தார். அணியைக் கட்டுக்கோப்பாக நிறுத்த அவரால் முடிகிறது. கோல் அடிப்பவரை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? பயிற்சியாளர்கள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்கிறேன்.

வெளிநாட்டில் பிறந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. நம்மை வெளியேற்றிய சோங் கொரியாவில் பிறந்தவர். 2025 ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் நம்மைச் சாய்த்த ஸ்டெஃபான் பெரேரா பிரேசிலில் பிறந்தவர். இந்தியாவுக்கு ஆட இந்தியக் குடியுரிமை வேண்டும். ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து வந்தார். அவரை மனதார வரவேற்கிறேன். ஆனால் நாடு விட்டு நாடு வருபவர்களை நம்பி ஓர் அணியைக் கட்ட முடியாது. 2025 ஜூன் மாதம் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற உஸ்பெகிஸ்தான் தன் இளையோர் அணிகளை ஆண்டுக்கணக்காக வளர்த்துத்தான் அந்த இடத்துக்கு வந்தது.

அப்படியானால் நோய் எங்கே? என் பதில், நம் லீகின் நடுவில்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல் தொடங்கியது. 2024-25 வரை பதினொரு சீசன். அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒருமுறைகூட ஓர் இந்தியருக்குக் கிடைக்கவில்லை. முதல் மூன்று சீசனுக்குள் சென்னையின் எலானோ, மெண்டோசா என்று இரண்டு பேர் அதை வாங்கினார்கள்; நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை நானும் கத்தியிருக்கிறேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதற்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பதை அப்போது யோசிக்கவில்லை. களத்தில் நான்கு வெளிநாட்டவர் என்று விதி சுருங்கிய பிறகும், அந்த நான்கில் ஒருவர் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர்தான். வேகமுள்ள இந்தியப் பையனுக்கு ஓரம்தான் மிச்சம்.

வியாசர்பாடியில் ஒரு மாலை இதைக் கண்ணாரக் கண்டேன். பத்து வயதுப் பையன், வெறுங்கால், வலது காலால் பந்தை உள்ளே வெட்டி அடிக்கிறான். இரண்டு முறை வலை குலுங்கியது. "எந்த இடத்துல ஆடுவ தம்பி?" என்றேன். "லெஃப்ட் விங்ணா. நந்தா அண்ணா மாதிரி." அதே வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிவரை போன நந்தகுமார் சேகரும் விங்கர்தான். நடுவில் நிற்கலாம் என்று அவனுக்குக் காட்ட நம்மிடம் ஓர் ஆள் இல்லை. ஒருகாலத்தில் இருந்தார்: 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் தமிழரான ராமன் விஜயன்.

இதற்கு எதிர்வாதம் ஒன்றை நானே வைக்கிறேன். பழைய ஐ-லீகிலும் ஒடாஃபா, ரான்ட்டி மார்ட்டின்ஸ் என்று வெளிநாட்டவர்தானே கோல் மழை பொழிந்தார்கள்? அதற்கு நடுவில் சுனில் சேத்ரி வளரவில்லையா? வளர்ந்தார். ஆனால் அந்தச் சேத்ரியையே பெங்களூரு அணி, நடுவில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்குவை நிறுத்திவிட்டு, இடது ஓரத்தில் ஆடவைத்தது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் 94 கோல்களோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றவரை ஒன்பதே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். 40 வயதில் வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். கூப்பிட்டது தவறு என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்: அந்த ஐஎஸ்எல் சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். அந்த முடிவு சரியாக இருந்தது என்பதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

கிளப்புகள் சொல்லும் காரணம், தோற்றால் பிழைப்பு போய்விடும் என்பது. இதை ஏற்க முடியாது. அந்தப் பதினொரு சீசனிலும் ஐஎஸ்எல்லில் கீழிறக்கம் கிடையாது. கடைசி இடத்தில் முடித்தவரும் அடுத்த ஆண்டு அதே லீகில் ஆடினார். பயமில்லாத அத்தனை ஆண்டுகள் கையில் இருந்தும் ஓர் இந்தியப் பையனை நடுவில் நிறுத்தி, அவன் பத்து வாய்ப்பைத் தவறவிடும்வரை பொறுத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களை அப்படிச் செய்யவைக்கும் விதியை எழுதும் அதிகாரம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்திடம் இருந்தது. எழுதவில்லை. ஃபத்தோர்டா தோல்வியில் வீரர்களுக்கும் பங்கு உண்டு, முன்னிலை பெற்ற ஆட்டத்தைக் கைவிட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் முதல் குற்றவாளிகள் கிளப்புகளும் சம்மேளனமும்தான்.

கிளப்புகள் ஆடும் சூப்பர் கோப்பையையாவது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் இல்லாமல் நடத்துங்கள் என்பது என் கோரிக்கை. முதல் ஆண்டு கோல் குறையும், கூட்டமும் குறையலாம். நான் டிக்கெட் வாங்கி வருவேன்.